கதவில்லாத லாரியும் ஒரு கிணற்றுக் கயிறும்

எழுபதுகளின் தொடக்கம். மழைக்காலத்தில் ஒரு காலை நேரம். தாம்பரத்தைத் தாண்டி இரும்புலியூர் பக்கம் ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது இது.

அப்போதுதான் நான் சேஸிஸ் ஓட்டும் வேலைக்கு வந்திருந்தேன். புது லாரி தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது கதவு, கூரை, முன்கண்ணாடி எதுவும் இருக்காது. எஞ்சின், சக்கரங்கள், நீளமான இரும்புச் சட்டம், ஸ்டியரிங், அவ்வளவுதான். அதற்குப் பெயர்தான் சேஸிஸ். அதை நாமக்கல் வரை ஓட்டிப்போய், பாடி கட்டும் பட்டறையில் விட்டுவிட்டு பஸ் ஏறித் திரும்ப வேண்டும். உட்காரும் இடம்கூட நம் ஏற்பாடுதான். ஒரு கள்ளிப்பெட்டியைச் சட்டத்தோடு கம்பியால் கட்டி, மேலே சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வோம். தலைக்குத் துண்டு, தூசிக்குக் கண்ணாடி. சாலையில் போகிறவர்கள் ஏதோ சர்க்கஸைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

என் கூட்டாளி இன்னொரு சேஸிஸில் கூடவே வந்தான். இருவரும் டீக்கு நிறுத்தினோம். நான் பெட்டியிலிருந்து இறங்கவில்லை. கடையை நடத்திய அக்கா டீயை ஆற்றிக்கொண்டே என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“பெட்டிய நல்லா கட்டிகினே. உன்ன யாருப்பா கட்டுவா?” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“போன மாசம் ஒருத்தன் இதே ரோட்ல வுழுந்தான். அவன் கீழ கெடக்கறான், வண்டி பாட்டுக்குப் போய்கினே கீது. என் கண்ணால பாத்தேன்.”

சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போனார். கிணற்று வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். டீ கிளாஸை மட்டும் தரவில்லை. கயிற்றைக் கட்டினால்தான் டீ என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், அக்கா உனுக்கு மூக்கணாங்கயிறு போடுது” என்று கூட்டாளி கிண்டல் செய்தான். மானம் போனது. ஆனாலும் டீ ஆறிக்கொண்டிருந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றி, சட்டத்தில் முடிந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவிழ்த்துவிடலாம் என்பது என் திட்டம்.

அவிழ்க்கவில்லை. அதற்குள் பீர்க்கன்கரணை ஏரி வந்துவிட்டது. கரையிலிருந்து எருமைகள் திடீரென்று ரோட்டில் ஏறின. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். அதுவரை கதவு வைத்த லாரியையே ஓட்டிப் பழகியவன் நான். வண்டியை ஒடிக்கும்போது வலது தோளைக் கதவில் சாய்த்து முட்டுக் கொடுப்பது என் உடம்பில் ஊறிய பழக்கம். அன்றும் சாய்ந்தேன். அங்கே கதவு இல்லை.

தார் ரோடு முகத்துக்கு நேராக வந்ததைப் பார்த்தேன். பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். செத்தேன் என்றுதான் நினைத்தேன். இடுப்பில் கயிறு வெடுக்கென்று இழுத்தது. பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரு கை மட்டும் ஸ்டியரிங்கில். வண்டி கரையோரச் சேற்றில் இறங்கி, இருமிவிட்டு நின்றது.

எருமைக்காரர் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். கயிற்றைப் பார்த்துவிட்டு, “நானே மாட்ட அவுத்து வுட்டுகினு கீறேன், உன்ன யாருய்யா கட்டி வுட்டது?” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பின்னால் வந்து நிறுத்திய கூட்டாளி என்னையும் கயிற்றையும் பார்த்தான். தன் வண்டிக்குப் போய், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

வண்டியை நாமக்கல்லில் விட்டுவிட்டுத் திரும்பும்போது தாம்பரத்தில் இறங்கி, கயிற்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா அதை வாங்கி, சட்டத்தில் தேய்ந்து நார் பிரிந்திருந்த இடத்தை விரலால் தடவினார்.

“வுழுந்தியா?”

“வுழல அக்கா.”

“கயிறு இல்லாம அடுத்த வூட்டுக் கெணத்துலதான் தண்ணி எடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டே அதை வாளியில் கட்டப் போனார். வாளியை வாங்கி, கடைக்கு வேண்டிய தண்ணீரை நானே இறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது மகனின் காரில் ஏறினால், பெல்ட் போடும் வரை வண்டியே விடாமல் கத்துகிறது. மகனுக்கு அது எரிச்சல். எனக்கோ, டீ கிளாஸைத் தராமல் கையில் வைத்துக்கொண்டு அந்த அக்கா இன்னும் என் பக்கத்தில் நிற்பது மாதிரி இருக்கிறது.