கட்டையில்லை, காடு

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை. சூம்பிய வலது காலோடு ஸ்ட்ரெச்சர் தள்ளிச் சம்பாதித்த இரண்டு அறை வீடு. டாக்டருக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் நடுவே நின்று பேசுகிற பொறுப்பு. தங்கைக்கு எதுவும் சும்மா வரவில்லை என்பதில் தையல்கார அக்காவுக்கு அத்தனை பெருமை.

வார்டில் தங்கையின் பெயர் கிளி. காதில் விழும் ஆங்கிலத்தை அப்படியே ஒப்பிப்பாள். அர்த்தத்தை மட்டும் அவளே வெட்டித் தைத்துக்கொள்வாள். ஆபரேஷனுக்குப் பயந்த ஒருவரைப் பற்றி நர்ஸ் 'கோல்ட் ஃபீட்' என்றதும், கால் சில்லிட்டுப்போச்சாக்கும் என்று ஓடிப்போய் அவர் காலைக் கம்பளியால் போர்த்தியவள். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்று கிளி யாரிடமும் அர்த்தம் கேட்டதில்லை.

அக்காவின் கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். முதல் ஆபரேஷன் முடிந்த காலை, அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு வந்த கிளிக்கு முகம் வெளுத்திருந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"அவுட்டுன்னாங்கக்கா. வுட்டுன்னும் சொன்னாங்க."

வுட்டு என்றால் கட்டை. கிளிக்கு ஆஸ்பத்திரித் தச்சர் சொல்லித் தெரிந்தது. ஆள் அவுட், இனி எரிக்கக் கட்டைதான் என்று அக்காவுக்கு அர்த்தம் சொன்னாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. பையிலிருந்த கணவரின் சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கிளியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. திரும்பி விந்தி விந்தி உள்ளே போனாள்.

"டாக்டரம்மா, மாமாவுக்கு உயிர் இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா. யாரு இல்லைன்னது?"

"நீங்கதான். அவுட்டு, வுட்டுன்னீங்களே!"

"நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்னு சொன்னேன். காட்டை விட்டு இன்னும் வெளியே வரலை. அதாவது, ஆபத்து தீரலை. ரத்தம் கட்டியிருக்கு, மறுபடி ஆபரேஷன் பண்ணணும். பிழைக்கப் பாதி வாய்ப்பு இருக்கு. பண்ணலைன்னா அதுவும் இல்லை."

கிளி வெளியே ஓடி வந்தாள். "அக்கா, கட்டையில்லை, காடு! மாமா காட்டுக்குள்ள உயிரோட இருக்காரு!"

"போடி! ஒரு தடவை சாகடிச்சது போதாதா?"

கிளி டாக்டரையே கையோடு கூட்டி வந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். கேட்டதை அக்காவுக்குச் சொன்னாள். அக்கா சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டாள். அதன் கீழே 'விளக்கிச் சொன்னவர்' என்று ஒரு கோடு இருந்தது. நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

"அவங்க போடட்டும்," என்றார் டாக்டர். "அவங்கதானே விளக்குனாங்க."

கிளியின் கட்டைவிரல் பழக்கத்தில் மையைத் தேடியது. பிறகு சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைக் கழற்றிக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக வரைந்தாள்.

"கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போச்சு," என்றாள் அக்கா.

கிளி அழுத்தி வைத்தாள்.

மாமா காட்டைத் தாண்டினார். இடது கை மட்டும் முன்போல் இல்லை. அந்தப் படிவத்தின் நகல் இன்றும் அக்காவின் பீரோவில், அவருடைய நல்ல சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. கோணல் எழுத்தில் தங்கையின் பெயர். பக்கத்தில் நர்ஸ் எழுதிய தேதி: 19 ஆகஸ்ட் 1998.