படமில்லாத சண்டைப் புத்தகம்

தங்கச்சி என்னை விட்டு என் காக்கா வபாத்தாகி ஒரு வருடம் போய்விட்டது. வருடக் கத்தம் ஓத வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். சண்டைப் படப் பைத்தியம். அவர் உடல் கிடந்த மையித்து வீட்டிலேயே அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை.

இந்த மலரைத் தொகுக்கும் எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி, என்னை எழுதச் சொன்னபோது, "புள்ள, சினிமாக் கதைய விட்டுட்டு எழுது. தொழுகை, நோன்பு, நல்ல குணம். அது காணும்" என்றார்.

"காக்கா எழுதின புத்தகத்தப் பத்தி எழுத வேணாமெண்டா வேற ஆள்ட்டக் கேளுங்க சாச்சா."

"உன்னோட ஆரு கதைக்கிற" என்று எழும்பிப் போனார்.

காக்கா தொழுதார், நோன்பு பிடித்தார், ஒருவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அதை எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுகிறேன்.

மருதமுனையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தார். வாப்பா மௌத்தானபோது நான் சிறுபிள்ளை. காக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். எழுபத்தெட்டுச் சூறாவளியில் தறிக் கொட்டிலின் கூரை பறந்துவிட்டது. மறுநாள் வெயில் வந்ததும் உம்மா முற்றத்தில் நெல்லைக் காயப் போட்டார். காக்கா பக்கத்திலே புத்தகங்களைக் காயப் போட்டார். உம்மா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

அந்தக் காலத்தில்தான் கல்முனைத் தியேட்டருக்கு ஹொங்கொங் சண்டைப் படங்கள் வரத் தொடங்கின. காக்கா ஒன்றையும் விடவில்லை. கொழும்புக்குப் புடவை கொண்டுபோகும் வியாபாரிகளிடம் சொல்லி, அந்த நடிகர்களைப் பற்றிய பழைய புத்தகங்களை எடுப்பிப்பார். ஆங்கிலப் புத்தகம் என்றால் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தோடு ஒரு நாள் முழுக்கப் போராடுவார்.

கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைகள் தியேட்டருக்குப் போவதில்லை. நானும் போகவில்லை. காக்கா நெய்துகொண்டே சொல்லுவார், நான் நூல் சுற்றிக்கொண்டே கேட்பேன்.

"காக்கா, அவன் அவ்வளவு ஒசரத்துக்குக் கால் தூக்கக்குள்ள சாரன் அவுறாதா?"

"அவனுகள் சாரன் உடுக்கிறல்லடி. காற்சட்ட."

"அப்ப நம்மட ஊர்ல ஒருத்தனும் வீரனாக ஏலா."

தறி நின்றுவிட்டது. சிரித்து முடிய வெகுநேரம் எடுத்தது.

சொல்வது எனக்கு விளங்காவிட்டால் தறியிலிருந்து இறங்கி வந்து செய்து காட்டுவார். அப்படிக் காட்டப்போய் ஒருநாள் என் நூல் இராட்டையை உதைத்து உடைத்துவிட்டார். அதைத் திருத்தித் தரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

எங்கள் பகுதியில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் காக்காமாருக்குக் கல்யாணம் பேசுவார்கள். நான் இருக்கும் வீட்டின் ஒவ்வொரு கல்லும் காக்கா நெய்த சாரனில் வந்தது. அவர் வயதுக்காரர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது இவர் என் வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் நிந்தவூரில் கல்யாணம் முடித்து, வழக்கப்படி மதினியின் வீட்டுக்குப் போனார். உடுப்புப் பெட்டி ஒன்று, புத்தகப் பெட்டி ஒன்று.

புத்தகப் பெட்டி அங்கே தங்கவில்லை. மதினியின் உம்மாவை நாங்கள் மாமி என்போம். மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. சொல்ல வேண்டியதை உள்ளே நின்று மகளுக்குச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார், வெளியே இருக்கும் மருமகனுக்குக் கேட்கும். அப்படித்தான் இதையும் சொன்னார்: "மகள், உருவப்படம் கிடக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. நான் தொழுற வீடு இது."

காக்கா வாதாடவில்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் இறக்கினார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் என் வீட்டுக்கு வருவார். என்னைக் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை, "மச்சான் நம்மளப் பாக்க வாறல்ல, பெட்டியப் பாக்க வாறார்" என்பார்.

அப்படி வந்து வந்து காக்கா தானே ஒரு புத்தகம் எழுதினார். அந்த நடிகர்கள் எங்கே பிறந்தார்கள், எப்படிப் பழகினார்கள், ஒரு சண்டையை எப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் நான் சமைக்கும்போது என் குசினி வாசலில் இருந்து வாசித்துக் காட்டுவார்.

"விளங்கல்ல காக்கா. வலக்காலா இடக்காலா?"

திருத்தி வாசிப்பார். "இப்ப?"

"இப்ப கால் விளங்குது. அவன் ஏன் அடிக்கான் எண்டு விளங்கல்ல."

தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி எழுதுவார்.

கடைசி அத்தியாயம் நடிகர்களைப் பற்றியது அல்ல. அவர்களிடம் அடிவாங்கி விழுகிறவர்களைப் பற்றியது. "அடிக்கிறவன எல்லாரும் பாக்காங்க. விழுறவன்ட பேர் ஆருக்கும் தெரியா. அவன் ஒழுங்கா விழாட்டி இவன் எங்க வீரன்?" என்றார். படத்துக்குப் படம் மாடிப்படியில் உருண்டு விழும் ஒருவரைப் பற்றி அதில் எழுதியிருந்தார்.

கல்முனையில் ஓர் அச்சகத்தில் புத்தகம் அச்சாகி வந்தது. உள்ளே ஒரு படமும் இல்லை. ஊர் சிரித்தது இதற்குத்தான். பஸ் நிலையத்துக் கடையில் இளந்தாரிமார் எடுத்துப் புரட்டிவிட்டு, "படம் எங்க?" என்று திருப்பி வைத்தார்கள். மாமிக்குப் பயந்து படம் போடவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அது பொய். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரைக்கு ஒத்துக்கொண்டேன். அச்சகக்காரர் படம் போடச் சொன்னதையும் தான் மறுத்ததையும் காக்கா அன்றைக்கே வந்து என்னிடம் சொன்னார்.

"ஏன் காக்கா, மாமிக்குப் பயமா?"

"பயமெண்டா எழுதியே இருக்க மாட்டன். படம் இருந்தா அதப் பாத்திட்டு மூடி வெச்சிருவாங்க. நீ படமில்லாமத்தானே எல்லாத்தையும் பாத்தாய்?"

விற்காத கட்டுகள் என் வீட்டு அறைக்கு வந்தன. அவர் அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். செங்கண்மாரி பிடித்துக் கண் மஞ்சளாகிக் கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் மட்டும் கேட்டார்: "கட்டுகள்ல கறையான் ஏறல்லயே?" இல்லை என்றேன். பிறகு நிந்தவூர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் மூச்சு அடங்கியது. தன் புத்தகத்தை ஒருவரும் வாசிக்கவில்லை என்ற நினைப்போடு போய்விட்டார் என்று நான் வயிறெரிந்தேன். அந்தக் கட்டுகளைச் சீனி சுற்றக் கடைக்குக் கொடுக்கலாம் என்று ஓர் உறவினர் சொன்னார். "உங்கட மௌத்துக்கு மலர் போட்டா அதையும் சேத்துக் குடுப்பம்" என்றேன்.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த இரண்டு ஊராருக்கும், இதை அச்சிட ஒத்துக்கொண்ட சாச்சாவுக்கும், அவரை நோகாமல் பார்த்த மதினிக்கும் நன்றி. சிரித்தவர்களுக்கு இல்லை.

மாமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள் கத்தத்தன்று என்னைப் பக்கத்தில் இருத்தி, தலையணைக்குக் கீழிருந்து காக்காவின் புத்தகத்தை எடுத்தார். மூலையெல்லாம் மடிந்து கிடந்தது.

"இது எப்பிடி மாமி உங்களுட்ட?"

"படம் இல்லத்தானே. வீட்டுக்க வந்தா என்ன? எனக்கு வாசிக்கத் தெரியா. மகள்தான் வாசிப்பா. உன்ட காக்கா முன்வாசல்ல இருக்கிற நேரமாப் பாத்து, சத்தமா வாசி எண்டு சொல்லுவன்."

"காக்கா கேட்டாரா?"

"கேட்டாரு. ஒருநாள் மகள் கால மாத்தி வாசிச்சிட்டா. 'இடக்கால்' எண்டு வாசல்ல இருந்து சத்தம் வந்திச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி அதைக் கவனிக்கவில்லை.

"புள்ள, எனக்கு ஒண்டு தெரியணும். அவருட்ட எப்பிடிக் கேக்குற எண்டு விட்டுட்டன். அந்தப் படியில விழுந்த மனிசன் மறுகா எழும்பினானா?"

"எழும்பினான் மாமி. அடுத்த படத்துல வேற சட்ட போட்டுட்டு வந்து விழுந்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று புத்தகத்தை மறுபடி தலையணைக்குக் கீழே வைத்தார்.

யா அல்லாஹ், விழுகிறவர்களை நினைத்த என் காக்காவை நீ கைகொடுத்துத் தூக்கிவிடு.