சாட்சி சொல்ல மாட்டேன்

என் வீட்டுக்காரர் நடேசனைப் பயந்தாங்கொள்ளி என்று பேசுகிறவர்கள் நன்றாகப் பேசிக்கொள்ளட்டும். சோரியாங்குப்பத்துக்குள் நுழையும் ரோட்டில் இருக்கிற சாராயக்கடையைக் கண்டால் அவருக்குப் பயம். உண்மைதான். அந்தப் பயத்தில் நேர் ரோட்டை விட்டுவிட்டு, கரும்புக் கொல்லை நடுவே போகிற மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அதுவும் உண்மைதான். ஐப்பசி மழையில் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறாக அவர் வந்து நின்ற நாட்கள் எத்தனையோ. சிரிக்கிறவர்களுக்கு என்ன? பதினெட்டு வருஷம் அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவள் நான். அவரைப் பற்றிப் பேசுவதென்றால் இளவரசியாகிய நான்தான் பேச வேண்டும்.

அவருக்கு சென்ட்ரிங் வேலை. மாடி போடும் வீடுகளுக்குப் பலகை அடிப்பது, முட்டுக் கொடுப்பது, கம்பி கட்டுவது. கான்கிரீட் போட்டு முடிக்கிற நாளில், வீடு கட்டுகிறவர் வேலையாட்களுக்குப் பிரியாணியும் ஆளுக்கொரு குவார்ட்டரும் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். கொடுக்காவிட்டால் கஞ்சப்பயல் என்று பேராகிவிடும். நடேசன் குடிக்கப் பழகியது அப்படி ஒரு மொட்டை மாடியில்தான். அப்புறம் கான்கிரீட் போட்டாலும் குடித்தார், போடாவிட்டாலும் குடித்தார். நான் அடைகாக்க வைத்திருந்த கோழியை முட்டையோடு கூடையோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுக் குடித்த ஆள் அவர். அந்தக் கோழியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் மகள் கல்பனா ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில் இவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஈரல் பாதிக்கு மேல போயிடுச்சும்மா. இதுக்கப்புறம் கொஞ்சம் குடிச்சாலும் எங்களால காப்பாத்த முடியாது" என்று சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்து, பதினோரு நாளும் வந்து கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தவர் பக்கத்துத் தெரு சபையின் பாஸ்டர். சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

அடுத்த வருஷம் இருவரும் ஞானஸ்நானம் எடுத்தோம். புதுப் பேர் வைத்துக்கொள்ளலாமே என்று பாஸ்டர் கேட்டதற்கு இவர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

"நடேசன்தான ஐயா குடிச்சான், நடேசன்தான் வுடணும். பேர மாத்திட்டா அவன் தனியா எங்கனா போயி குடிச்சிகினு இருப்பான்."

பாஸ்டர் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

குடியை விட்டபின் கான்கிரீட் நாளில் பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பாட்டில் பெட்டியைப் பிரிப்பதற்குள் மாடியை விட்டு இறங்கிவிடுவார். கையில் ஒட்டின சிமெண்டைக் கூடக் கழுவ நிற்க மாட்டார். "பாதிரியாரு கிளம்பிட்டாருப்பா!" என்று கூடவேலை செய்கிறவர்கள் கத்துவார்கள். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுப்பார். இப்படியே நாலு வருஷம் போனது. நானும்தான் கேட்டிருக்கிறேன், "இன்னாங்க, ஊர் ஊரா சாட்சி சொல்ற ஆளு ஒரு கடைக்கு முன்னாடி தைரியமாப் போவக் கூடாதா? எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று. அடுத்த நாளும் மண்பாதைதான்.

சாட்சி என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டவர் தன்னை எந்தப் பள்ளத்திலிருந்து தூக்கினார் என்று ஒருவர் சபையில் எழுந்து நின்று சொல்வது. முதல் தடவை இவர் எங்கள் தகரக் கொட்டகைச் சபையில் சொன்னபோது அழாத ஆள் இல்லை. அப்புறம் பனித்திட்டில் கூப்பிட்டார்கள், பூரணாங்குப்பத்தில் கூப்பிட்டார்கள், வில்லியனூரில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். பெருமை எனக்கு, சும்மா சொல்லவில்லை. போகப் போகக் கதையும் நன்றாக விளைந்தது. கடையில் டம்ளரைக் கழுவி வைக்கிற சத்தம், நெத்திலி வறுவலின் காரம், முதல் மடக்கு தொண்டையில் இறங்குகிற எரிச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஜனங்கள் சிரித்துச் சிரித்து அப்புறம் அழுவார்கள். கோழி விஷயத்தை மறந்துவிட்டால் நானே கீழே இருந்து சைகை காட்டுவேன்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனித்திட்டில் சாட்சி சொல்லிவிட்டு உச்சிவெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மண்பாதை திருப்பம் வந்தது, வண்டி திரும்பவில்லை. பரவாயில்லையே, மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன், புத்தி கெட்டவள். நேராகப் போய்ச் சாராயக்கடை எதிரில் நின்றது வண்டி. இன்ஜினை நிறுத்தவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கடையையே பார்த்தார்.

"இன்னாங்க, ரிப்பேரா?"

அவர் திரும்பவில்லை. "தொண்ட காயுது இளவரசி" என்றார்.

அந்தக் குரலை நான் நாலு வருஷமாகக் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதுதான் காதில் கேட்டது. அதற்குள் அவருடைய பழைய கூட்டாளி அய்யனார், கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அட, மச்சான்! வா வா, உன் எடம் அப்படியே காலியா கீது."

நான் குதித்து இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். "இன்னொரு அடி இந்தப் பக்கம் வெச்சின்னா செருப்பு பிஞ்சிடும்டா! போடா உள்ள!" என்று அய்யனாரிடம் கத்தினேன். அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "வண்டிய எடு" என்றேன். மரியாதையெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. எடுத்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"இன்னைக்கி மட்டும் இல்ல இளவரசி. எப்ப சாட்சி சொல்லிட்டு வந்தாலும் இப்பிடித்தான் ஆவுது. சொல்லச் சொல்ல நாக்குல ஊறுது. கீழ ஜனங்க அழுவுறாங்க, மேல நான் எச்சில முழுங்கிகினு நிக்கிறேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கோழிக் கதையைச் சொல்லு சொல்லு என்று சைகை காட்டினவள் யார்? நான்தானே. நாலு வருஷம் கடைப் பக்கமே போகாத மனுஷனை மைக்கைப் பிடிக்க வைத்து, கூட்டத்துக்குக் கூட்டம் கடைக்குள்ளே அனுப்பியிருக்கிறோம், நானும் சபையும் சேர்ந்து.

இனிமேல் சாட்சி சொல்வதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் பாகூரில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்துக்கு ஏற்கெனவே ஃப்ளெக்ஸ் அடித்து வைத்துவிட்டார்கள். 'குடிகாரன் குணமான அதிசயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் இவருடைய படம். விஷயம் கேள்விப்பட்டு பாஸ்டரே வீட்டுக்கு வந்தார்.

"பிரதர், சாத்தான் உங்க வாயை அடைக்கப் பாக்கிறான். விட்டுக் கொடுக்காதீங்க. உங்க சாட்சியைக் கேட்டு எத்தனை பேர் திருந்தியிருக்காங்க!"

கெட்ட மனுஷர் இல்லை அவர். அதனால்தான் மறுத்துப் பேச முடியவில்லை. இவர், "வரேன் ஐயா" என்றார். பாஸ்டர் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாய்யா வரேன்? சாவப் போறியா?"

"வரேன்னுதான சொன்னேன். சொல்றேன்னு சொன்னனா?"

கூட்டத்தன்று சாயங்காலம் பாகூர் மைதானத்தில் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். நான் முன்வரிசையில் உட்காரவில்லை. வண்டி சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு மேடைப் படி பக்கத்திலேயே நின்றேன். இவர் பேரைக் கூப்பிட்டதும் ஜனங்கள் கைதட்டினார்கள். மைக்கை வாங்கினார்.

"ஸ்தோத்திரம். நான் சோரியாங்குப்பம் நடேசன். குடிச்சிகினு இருந்தேன். இப்ப குடிக்கறதில்ல. அவ்ளோதான் சாட்சி."

கூட்டம் சிரித்தது. இனிமேல்தான் கதை வரும் என்று நினைத்தார்கள்.

"எப்பிடிக் குடிச்சேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கு ஆசை வருது. நீங்கெல்லாம் நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சிகினு கீறீங்க. இல்ல. தெனம் காலையில எழுந்து, இன்னைக்கி கடை பக்கம் என்னைப் போவ வுடாதீங்க ஆண்டவரேன்னு கேக்குறேன். அப்பிடிக் கேட்டுட்டு நானே வாயால அங்க போவலாமா? என்னைப் பாத்துப் பயந்தாங்கொள்ளின்னு சொல்றாங்க. ஆமா, பயம்தான். சாவுற வரைக்கும் சுத்து வழியிலதான் போவேன். இங்க யாருக்குனா அதே மாதிரி இருந்தா, வெக்கப்படாதீங்க. நீங்களும் சுத்திகினு போங்க."

மைக்கை பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர், "பின்மாற்றத்துல போயிட்டான்யா, விசுவாசத்த வுட்டுட்டான்" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். "நீங்க மொதல்ல உங்க வூட்ட பாருங்க" என்று நானும் அவருக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தேன். திரும்பும்போது மண்பாதையில் கரும்புச் சோகை முகத்தில் அடித்தது. நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் சபையில் பாதிப் பேர் எங்களோடு சரியாகப் பேசவில்லை. நாங்கள் போவதை நிறுத்தவில்லை. இரண்டு பேரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தோம். பாஸ்டர் மட்டும் விடவில்லை. போன வாரம் மறுபடியும் போன் செய்தார். கடலூர்ப் பக்கம் பெரிய கூட்டமாம், ஒரே ஒரு தடவை வந்து பழைய மாதிரி சாட்சி சொல்ல வேண்டுமாம். மணி ஆறு இருக்கும். அன்றைக்கு வில்லியனூரில் கான்கிரீட். இவர் கையில் சிமெண்ட் காயாமல் வந்து சேர்ந்து, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். போனை நான்தான் எடுத்தேன்.

"ஐயா, அவரு எங்கயும் வர மாட்டாரு. சாட்சி வேணும்னா நம்ம வூட்டுக்கு வாங்க. கான்கிரீட் போட்ட நாள்ல, ஆறு மணிக்கி, என் புருஷன் வூட்ல உக்காந்து சோறு துன்னுகினு கீறாரு. வந்து பாருங்க."

நான் போனை வைத்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.