பகலில் உறங்க ஒரு தொட்டி வீடு

அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அண்ணி கேட்டபோது, அழுகையை முந்திக்கொண்டு வந்தது அவர் கட்டிய வீட்டைப் பற்றிச் சொல்லிவிடும் ஆவல்தான். உறவுகளும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தங்கையாக நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன்.

உத்தனப்பள்ளியில் ராகியும் தக்காளியும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானதும் ஐ.டி.ஐ. படிப்போடு ஓசூரில் பிரஸ் மெஷின் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார், மணமுடித்து வைத்தார். ஜூஜுவாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஓசூர் குளிர்ந்த ஊர் என்று பேர்தான். இரவு ஷிப்ட் முடித்து, உச்சி வெயிலில் அந்த ஷீட்டுக்குக் கீழே படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு புரளுவார். அப்படிப் பகலில் தூங்காமல் வேலைக்குப் போன ஓர் இரவில் மெஷின் முன்னால் கண்ணசந்தார். மெஷின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

மருத்துவமனையில் நாங்கள் மெஷினைத் திட்டித் தீர்த்தோம். அண்ணனோ, "அத ஏன் திட்டறீங்க? பகல்ல தூங்க வழி இருந்தா இது நடந்திருக்காது. நைட் ஷிப்ட் பசங்களுக்கோசரம் நான் ஒரு வீடு கட்டறேன்" என்றார்.

சொன்னதோடு நின்றாரா? ஜவளகிரிப் பக்கமெல்லாம் போய் பழைய வீடுகளின் சுவரை நடுப்பகலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கள் நிலத்தின் சாலையோரத்தில் வேலை தொடங்கியது. ஒன்றரை அடி மண் சுவர், உயரமான ஓட்டுக்கூரை, அதன் கீழே பலகை அடித்து மண் பரப்பிய மச்சு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். எங்கள் பக்கத்தில் இதைத் தொட்டி வீடு என்பார்கள். மேஸ்திரி கன்னடத்தில் கேட்பார், அண்ணன் தெலுங்கில் பதில் சொல்வார், சுவர் எப்படியோ நேராகவே எழும்பியது! ஓட்டு வீட்டுக்கு எவன் குடிவருவான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். விரல்களுக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணம் முழுவதும் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. யாரும் வராவிட்டால் அண்ணன் குடும்பத்துக்கு வேறு பிழைப்பில்லை.

சித்திரை வெயிலில் திருவண்ணாமலைக்காரத் தம்பி ஒருவர் முதல் ஆளாக வந்தார். ஷிப்ட் முடித்து வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் கதவு திறந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, குளுகுளுன்னுதான் இருக்குது. ஆனா ஒரு டம்ளர் உருண்டாக்கூட காதுக்குள்ள வந்து விழுது."

அண்ணி முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பழைய வீடுகளில் இருந்த மாதிரியே குழாயையும் துவைக்கிற கல்லையும் அண்ணன் முற்றத்திலேயே வைத்திருந்தார். அந்த வீடுகளில் எல்லோரும் இரவில் தூங்கினார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை! அன்று மாலையே அண்ணன் கடப்பாரையை எடுத்தார். குழாயும் கல்லும் கொல்லைக்குப் போயின. மறுநாள் அந்தத் தம்பி சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டி எழுப்பியவர் அண்ணன்தான். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தோம்! அடுத்த மாதத்துக்குள் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவரை முற்றத்தில் கிடத்தியிருந்தோம். மேளக்காரர்கள் வந்து நின்றபோது அண்ணி கைகாட்டித் தடுத்தார். "அடிக்காதீங்க, பசங்க இப்பதான் வந்து படுத்திருப்பாங்க. அவரு இருந்தா ஒத்துக்கமாட்டாரு" என்றார்.

மருத்துவர்களுக்கும், சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோரையும் விட அந்தப் பிள்ளைகளுக்கு. அன்று அண்ணி சொன்னதைக் கேட்டு நான் அறைகளை எட்டிப் பார்த்தேன். ஒரு பாய்கூட விரிக்கப்படவில்லை. யூனிபார்மைக்கூட மாற்றாமல் எல்லோரும் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.