குரல் காணாமல் போன கார்

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'உடம்பு சரியில்லை' என்று ஆசிரியருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வாரா வாரம் ஊரில் இருப்பவனையெல்லாம் கலாய்க்கிறேன். இந்த வாரம் மாட்டியவன் நான். தன் தலையில் தானே கொட்டிக்கொள்ள யாருக்கு ஆசை?

சரி... சொல்லித் தொலைக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. நான் சிவாஜிநகரில், ஷஃபி பாய் கடையில் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுகிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. வயரில் பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரிந்தால் போதும், இந்தத் தொழிலில் காலம் தள்ளிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. செட் மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வந்து "சவுண்ட் சரியில்லப்பா" என்றால், நாங்கள் கார்க் கதவைக்கூடத் திறக்க மாட்டோம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்போம். "பாட்டு எங்கேருந்து எடுத்தீங்க சார்?"

வாட்ஸ்அப்பில் வந்தது என்பார். மச்சினன் காப்பி பண்ணிக் கொடுத்தது என்பார். அவ்வளவுதான்... ஆள் காலி.

"அதான் சார்! செட்டுல ஒன்னியும் இல்ல. உங்க ஃபைல் டம்மி."

பெரும்பாலும் அது உண்மையும்கூட. சுருக்கி, அதை இன்னொருவன் சுருக்கி, அதை நாலு குரூப்பில் சுற்றவிட்ட பாட்டில் என்ன மிஞ்சும்? பிழிந்த கரும்பைத் திரும்பத் திரும்ப மிஷினில் விட்டால் சாறா வரும்? சக்கைதான் வரும். ஆனால் இந்த 'பெரும்பாலும்' இருக்கிறதே... அதில்தான் நான் விழுந்தேன்.

மஞ்சுநாத் சார் சின்ன பட்ஜெட்டில் கன்னடப் படம் எடுக்கிறவர். போன மாதம் எங்கள் கடைக்கு வந்து காருக்குப் புது செட், ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு பெரிய ஊஃபர் என்று எல்லாம் மாட்டச் சொன்னார். மாட்டியது நான். கை வேலை செய்யும்போது என் வாய் சும்மா இருக்காது. "சார், என் ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான். சூப்பரா டியூன் போடுவான், அவனே பாடுவான்" என்று ஆரம்பித்து, என் போனிலேயே ஒரு நிமிடம் போட்டும் காட்டிவிட்டேன்.

அந்த ஃபிரெண்டு கௌதம். என் தெருக்காரன். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஒரு பழைய லேப்டாப்பும் ஹெட்போனும்தான் அவனுக்கு உலகம். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மூன்று மாத லீவு நாட்களைத் தின்றிருக்கிறான்.

சாருக்கு டியூன் பிடித்துவிட்டது. அவருக்கு எல்லோரும் 'குரு'தான். "முழு பாட்டு கேக்கணும் குரு. ஸ்டுடியோல வேணாம், பேடா. என் கார்லதான் கேப்பேன். ஜனங்க டிராஃபிக்லதானே பாட்டு கேக்கறாங்க?" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு போன இரண்டாம் நாள் போன் செய்தார். "என்கிட்ட இருக்கற பாட்டுல எல்லாம் வாய்ஸ் மட்டும் சொல்ப டல்லா இருக்கே..."

நான் யோசித்தேனா? ஒரு நொடிகூட இல்லை.

"உங்க ஃபைல் டம்மி சார். கௌதம் ஒரிஜினல் ஃபைல் எடுத்துகினு வருவான் பாருங்க. அப்ப தெரியும் நம்ம செட்டு!"

போன வியாழக்கிழமை அந்த நாள் வந்தது. சார் லொகேஷன் பார்க்க ஆனேக்கல் போகிறார். வழியில் பொம்மசந்திராவில் கௌதமை ஏற்றிக்கொண்டு, ஆனேக்கல் சேருவதற்குள் பாட்டைக் கேட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு. திங்கட்கிழமை ஷூட்டிங். இது சரிவரவில்லை என்றால் பாடுவதற்கு வேறு ஒருவரைக் கையில் வைத்திருந்தார்.

நானும் கூடப் போக ஷஃபி பாயிடம் அரை நாள் லீவு கேட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் என் வேலை இரண்டு கம்ப்ளெயின்ட்டாகத் திரும்பி வந்திருந்தது. பாய் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஜா ரே. ஆனா அந்த வண்டியும் கம்ப்ளெயின்ட்டுன்னு திரும்பி வந்துச்சு... நீ திரும்பி வர நக்கோ, வராத."

கம்பெனி கேட்டில் கௌதம் யூனிஃபார்மோடு நின்றான். நாள் முழுக்கத் தொப்பி போட்டிருந்த தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. கைக்குட்டையில் சுற்றி எதையோ பிடித்திருந்தான். பென் டிரைவ்!

"இன்னாடா, தாலி கட்டப் போற மாதிரி புடிச்சிகினு நிக்கற?"

"மூணு மாசம் மச்சா. இன்னிக்கி ஒரு நாள் வாய மூடிகினு வா."

சார் டிரைவிங். கௌதம் முன் சீட்டில். நான் பின் சீட்டில் நடுவில், இரண்டு பேர் தலைக்கும் இடையே என் தலையை நீட்டிக்கொண்டு.

பென் டிரைவைச் சொருகினான். திரையில் 'ரீடிங்' என்று வந்தது. பெரிய ஃபைல்... செட் யோசித்தது. மறுபடி 'ரீடிங்'. கௌதமின் முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது.

பாட்டு ஆரம்பித்தது.

கிடார் பளிச்சென்று வந்தது. பீட் விழுந்ததும் டிக்கியில் ஊஃபர் 'தொம் தொம்' என்று முதுகில் தட்டியது. சார் தலை ஆடத் தொடங்கியது. நான் கௌதம் தோளை அமுக்கினேன். இதோ, குரல் வரப்போகிறது...

வந்தது. ஆனால் வரவில்லை.

எப்படிச் சொல்வது? பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருத்தன் பாடுகிறான், நாம் ஹாலில் உட்கார்ந்து கேட்கிறோம்... அப்படி. சார் வால்யூமை ஏற்றினார். கிடார் ஏறியது, பீட் ஏறியது. பாடுகிறவன் மட்டும் பாத்ரூமை விட்டு வெளியே வரவே இல்லை.

சாருடைய தலை ஆடுவது நின்றது.

"டியூன் நல்லா இருக்கு குரு. ஆனா வாய்ஸ்... முன்னாடி நிக்கவே இல்லியே. தம் இல்ல."

"இல்ல சார், ஹெட்போன்ல நல்லா முன்னாடிதான் இருந்துச்சு..."

"ஹெட்போன்லதானே? ஜனங்களுக்கு கார்ல கேக்கணுமே."

கௌதம் தலையைக் குனிந்துகொண்டான். "என் தப்புதான் சார். மிக்ஸிங்ல கோட்ட வுட்டுட்டேன். ரெண்டு நாள் குடுங்க."

"டைம் இல்லப்பா. டியூன் உன்னுதே, பேரும் போடுவேன். பாடறது மட்டும் வேற ஆள் பாடட்டும்."

சந்தாபுரா சிக்னலில் வண்டி நின்றது. சார் போனில் ஏதோ நம்பர் தேட ஆரம்பித்தார், கௌதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது மடல் மட்டும் சிவந்தது.

எனக்கு அப்போதும் ஃபைல் மேல்தான் சந்தேகம்! எதற்கும் பார்ப்போம் என்று கையை நீட்டி, செட்டில் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினேன். இடது கதவு ஸ்பீக்கர் மட்டும் பாடியது. கௌதம் குரல் கணீரென்று வந்தது.

வலது பக்கம் தள்ளினேன். கணீர்.

நடுவில் வைத்தேன். குரல் காணோம்.

இது ஃபைல் இல்லை. இது நான்.

ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் இப்படித்தான் ஆகும். வலது ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இடது ஸ்பீக்கர் பின்னால் இழுக்கும். இரண்டிலும் சமமாக வரும் பாட்டுக்காரன் குரலை இரண்டும் சேர்ந்து நடுவிலேயே தின்றுவிடும். பக்கத்துக்கு ஒன்றாக வரும் கிடார் தப்பிக்கும். டிக்கி ஊஃபருக்குத் தனி லைன், அதுவும் தப்பிக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு ஸ்பீக்கரும் யோக்கியன்.

செட் மாட்டிய அன்று நடந்தது நினைவுக்கு வந்தது. இடது கதவு லைனில் பழைய ஆள் எவனோ ஜாயின்ட் போட்டிருந்தான். இரண்டு வயரும் கறுப்பு. எது பிளஸ் என்று அடையாளம் இல்லை. ஒரு சின்ன பேட்டரியை வயரில் தொட்டுப் பார்த்தால் போதும். ஸ்பீக்கர் வெளியே துள்ளினால் சரி, உள்ளே போனால் மாற்றிப் போட வேண்டும். அரை நிமிட வேலை. ஆனால் எதிர்க் கடையில் பிரியாணி தீரப்போகிறது என்று அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. குருட்டாம்போக்கில் முறுக்கி, டேப் சுற்றிவிட்டு ஓடினேன்.

பச்சை விழுந்தது. வண்டி ஆனேக்கல் ரோட்டில் திரும்பியது. சொல்லிவிடலாமா? சொன்னால் வண்டி கம்ப்ளெயின்ட். பாய் சொன்ன வார்த்தை கண்ணாடிக்கு மேலே நின்று முறைத்தது.

அப்போதுதான் கௌதம் திரும்பி என்னைப் பார்த்தான். "மச்சா, உனக்கு காது நல்லா கேக்குமே. ஃபைல்ல எங்க தப்பு?"

என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஃபைல் கொஞ்சம் டம்மிதான் மச்சா."

நானாகச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு தானாகப் புரண்டது... என்று எழுத ஆசைதான். அது பொய். நான்தான் சொன்னேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சார் ஸ்டீயரிங்கில் இருந்த பட்டனை அமுக்கினார். கார் ஸ்பீக்கரில் ரிங் போகத் தொடங்கியது. அந்த வேறு பாடகருக்குத்தான்.

ஒரு ரிங். கௌதம் பென் டிரைவை உருவிக் கைக்குட்டையில் சுற்றினான்.

இரண்டு ரிங். முடிச்சுப் போட்டான்.

மூன்றாவது ரிங்கில் எதிர்முனை எடுத்தது. "ஹலோ சார், ஹேளி, சொல்லுங்க..."

அந்த ஹலோவும் பாத்ரூமுக்குள் இருந்துதான் வந்தது! பெரிய பாடகர், கச்சேரியெல்லாம் பண்ணுகிறவர்... அவருக்கும் அதே தாழ்ப்பாள். கௌதம் சட்டென்று நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்ப ஆரம்பித்தான்.

"சார், கட் பண்ணுங்க! கட்! கட்!"

சார் மிரண்டுபோய் போனை வைத்தார். "கட்டுன்னு நான்தானேப்பா சொல்லணும்?"

"வயர மாத்தி மாட்டிட்டேன் சார். லெஃப்ட் டோர்ல. பாட்டு மேல தப்பே இல்ல. ஃபைல் மேலயும் இல்ல. நான்தான்."

சார் இண்டிகேட்டர் போட்டு ஒரு இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தினார்.

என் பையில் ஸ்க்ரூடிரைவரும் டேப்பும் எப்போதும் இருக்கும். செட்டை வெளியே இழுத்து, அந்த இரண்டு கறுப்பு வயரைத் தேடினேன். கௌதம் போன் டார்ச்சைப் பிடித்தான். "சொல்ப மேல புடிடா" என்றேன். பிடித்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டேப்பைப் பிரித்து, வயரை மாற்றி முறுக்கி, மறுபடி சுற்றினேன். மாற்றிய பிறகும் குரல் வரவில்லை என்றால்? அந்த நினைப்பிலேயே டேப் இரண்டு முறை கையில் ஒட்டிக்கொண்டது.

பென் டிரைவ். 'ரீடிங்'. கிடார். பீட்.

குரல் வந்தது. டாஷ்போர்டுக்கு நடுவில், கண்ணாடிக்கு முன்னால் கௌதம் உட்கார்ந்து பாடுவது மாதிரி வந்தது. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சார் முழுப் பாட்டும் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கௌதம் மூச்சு விட்டானா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்பதான் வாய்ஸ் கேக்குது" என்றார். கௌதம் முகம் மலர்ந்தது. "கேக்கறதனாலதான் சொல்றேன். ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்குது. அதை மட்டும் திரும்பப் பாடி ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு. அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ண மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாய்க்கு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

"நானே சொல்லிடறேன் சார்."

ஆனேக்கலில் இறங்கி, இரண்டு பேரும் பஸ் ஏறினோம். எனக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. கௌதம் நாலு சீட் தள்ளி, மடியில் கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாயிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கஸ்டமர் நம்பர் எழுதும் நோட்டை என் முன்னால் போட்டார். "ஃபைல் டம்மின்னு எவன் எவனுக்குச் சொன்ன? எல்லாரையும் கூப்டு. ஒவ்வொரு வண்டியா தொறந்து பாரு. அதுக்கப்புறம்தான் நீ இருக்கியா போறியான்னு சொல்வேன்."

கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை திறந்ததில் இன்னும் ஒரு வண்டியில் அதே தலைகீழ் வயர். அந்த வண்டிக்காரர் நல்ல மனிதர். "பரவால்லப்பா... நீ டம்மின்னு சொன்னதால வெச்சிருந்த பாட்டெல்லாம் அழிச்சிட்டேன்" என்றார்.

தப்பு எங்கே என்று ஊரெல்லாம் தேடுகிறோம். நம் கை பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேடுகிறோம். ஸ்டீரியோ மாட்டுகிறவன் மட்டுமா?

கௌதம் மூன்று நாட்களாகப் பேசவில்லை. சரணத்தைத் திரும்பப் பாடி அனுப்பிவிட்டான் என்ற செய்தியே சார் சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் பொறுக்க முடியாமல் மெசேஜ் போட்டேன். "மச்சா, சார் எப்ப கேக்கறாராம்? எந்த கார்ல?"

இரண்டு நீல டிக் விழுந்தது. டைப் பண்ணினான். நிறுத்தினான். மறுபடி டைப் பண்ணினான்.

"நீ கை வெக்காத கார்ல."