உங்களுக்குத்தானுங்க போட்டேன்

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் தரை சில்லென்று உள்ளங்காலில் ஏறும். ஏசி எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டர்களுக்காக. காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். தொண்ணூறுகளின் பிற்பாதி... நான் அங்கே 'சி' லாங்குவேஜ் சொல்லிக்கொடுக்கும் மிஸ்.

விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவள் நான். கோயம்புத்தூரில் ஒருவரையும் தெரியாது. ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் நர்ஸ். அவள் டியூட்டி முடிந்து வரும்போது நான் கிளம்பிவிடுவேன். இந்த ஊர்க்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார்களே, ஆரம்பத்தில் அதுவே என்னை எட்ட நிறுத்திப் பேசுவதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருவரிடமும் வாய் திறக்காமல் போனதுண்டு.

அப்போதுதான் சாந்தாமணி அங்கே இன்னொரு மிஸ்ஸாக வேலைக்குச் சேர்ந்தாள். அன்னூர்ப் பக்கம் கிராமம், தினமும் பஸ்ஸில் வந்து போவாள். முதல் நாளே என்னை 'அக்கா' ஆக்கிவிட்டாள்.

யாரோ ஒரு ஸ்டூடண்ட் விட்டுப்போன ஃபிளாப்பியில் ஒரு ரோல்பிளேயிங் கேம் இருந்தது. நாம் ஒரு வீரனாக மாறி, ஊர் ஊராகச் சுற்றி, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, கடைசியில் டிராகனைக் கொல்ல வேண்டும். சாந்தாமணிக்குப் பொறுக்கவில்லை.

"டிராகனை அடிச்சு நமக்கு என்னங்கக்கா ஆகப்போகுது? ஊருக்குள்ள எலக்‌ஷன்ல நின்னு செயிக்கச் சொல்லுங்க பாக்கலாம்!"

வகுப்பு முடிந்ததும் நாங்களே அப்படி ஒரு கேம் எழுத உட்கார்ந்தோம். படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் சதுரம் சதுரமாகப் பன்னிரண்டு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மாரியம்மன் கோயில். தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் அந்த ஊர் தமிழ் பேசும். ஒவ்வொரு வீட்டிலும் நமக்கு மார்க் உண்டு. கல்யாணத்துக்குப் போனால் கூடும், பார்த்தும் பார்க்காமல் போனால் குறையும். மார்க் சேர்ந்தால் ஓட்டு விழும். இது என் யோசனை.

"நல்லது செஞ்சா ஓட்டுப் போடுவாங்கன்னா எங்கம்மா செயிச்சிருக்கோணுமல்லங்கக்கா?" என்றாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அவள் அம்மா மெம்பருக்கு நின்றிருக்கிறார். "நீங்க நில்லுங்க, நாங்க இருக்கறோம்" என்று தெருவே சொல்லி நிறுத்தியது. எண்ணிப் பார்த்தால், சொந்தக்காரர்கள் ஓட்டுகூட முழுசாக விழவில்லை. அதோடு அம்மா வாசல் தாண்டுவதை நிறுத்திவிட்டார். குழாயடிக்குக்கூட போவதில்லை. யார் முகத்தைப் பார்த்தாலும் 'இவள் போட்டிருப்பாளா' என்றே தோன்றுகிறதாம்.

"யாரு போடலைன்னு தெரிஞ்சா ஒரு நாளு அழுதுபோட்டு உட்டுருவாங்க. தெரியாமத்தானுங்கக்கா ஊட்டுக்குள்ளயே கெடக்கறாங்க. நம்ம கேம்ல பேரோட காட்டோணும்."

"பேரைக் காட்டிட்டா அப்புறம் அது என்ன ஓட்டு? அந்த ஊர்ல எப்படிக் குடியிருக்கிறது?" என்றேன்.

வாரக்கணக்கில் சண்டை. அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்ச் சாப்பிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது... இருந்ததே அவள் ஒருத்திதான்!

கடைசியில் இரண்டையும் எழுதினோம். தோற்றவள் ஒன்றை அமுக்கினால் யார் யார் போட்டார்கள் என்று பெயர்கள் வரும். இரண்டை அமுக்கினால் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதைச் சாந்தாமணியே கடுப்போடு டைப் அடித்தாள். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பதில்: "உங்களுக்குத்தானுங்க போட்டேன்."

கண் டாக்டரிடம் காட்டலாம் என்று பொய் சொல்லி, ஒரு சனிக்கிழமை அம்மாவை சென்டருக்கே கூட்டிவந்துவிட்டாள். அந்தக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் கீயை அமுக்கினேன். தோற்கிற மாதிரிதான் மகள் செட் செய்து வைத்திருந்தாள். தோற்றார்.

"அம்மா, ஒண்ணைப் போடச் சொல்லுங்க. யாரு யாருன்னு பாத்துரலாம்," சாந்தாமணி கெஞ்சினாள்.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாங்கண்ணு. பாத்துப்போட்டா அப்பறம் அவுங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கு எப்படிப் போறது? ரெண்டைப் போடு அம்மணி."

போட்டேன். திரையில் வந்ததை நான் வாய்விட்டுப் படித்தேன். முதல் வீடு, உங்களுக்குத்தானுங்க போட்டேன். அடுத்த வீடு, அதேதான். அதற்கடுத்த வீட்டில் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். கடைசி வீட்டுக்கு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டு எண்ணுன அன்னிக்கே அத்தனை பேரும் ஊட்டுக்கு வந்து இதையேதான் சொன்னாங்க. பொய்தான். ஆனாலும் மெனக்கெட்டு வந்து சொன்னாங்கல்ல..."

கொஞ்ச நாளில் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாராம். அதைச் சொல்லும்போது சாந்தாமணி அழுதுவிட்டாள், நானும்தான்.

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம், தாராபுரம் பக்கம். "வாரேனுங்கக்கா" என்று போனவள்தான். ஒரு பொங்கல் வாழ்த்து வந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

அதன் பிறகு சாயங்காலங்களில் லேபில் தனியாக உட்கார்ந்து அந்த ஊருக்குள் போவேன். வேண்டுமென்றே தோற்பேன். தோற்றால்தானே பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் என்னோடு பேசுவார்கள்...

இப்போது சரவணம்பட்டியில் அபார்ட்மெண்ட். போன மாதம் அசோசியேஷன் செக்ரட்டரிக்கு நின்றேன். ஓட்டெல்லாம் ஃபோன் குரூப்பிலேயே. தொட்டால் போதும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று பேரோடு வந்துவிடுகிறது. சாந்தாமணி கேட்டது கடைசியில் கிடைத்தேவிட்டது.

தோற்றேன். எதிர்வீட்டுக்காரர், மேல்மாடிப் பெண், கொலுவுக்குத் தவறாமல் வருகிறவர்கள்... எல்லாப் பெயரும் அந்தப் பக்கம். மறுநாள் லிஃப்டில் அவர்கள் ஃபோனைப் பார்த்தார்கள், நான் கதவைப் பார்த்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, அதனால் பேசவும் ஒன்றுமில்லை.

ஒருத்தர்... ஒரே ஒருத்தர் பெல் அடித்து வாய்கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தாலும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.