மாமாவைக் கடித்த பாம்பும் தாதிப் பள்ளிக்கூடமும்

அடுத்தவைக்குத் தொசியே, அதுதான் விண்ணப்பக் கோப்பு, நிரப்பிக் குடுக்கிற தொழில் இருக்கே, அதிலை பாஸானால் அவையின்ர கெட்டித்தனம், பெயிலானால் எங்கட கைராசி.

லா சப்பலிலை, எங்கட தமிழ்க் கடையள் நிறைஞ்ச பகுதியிலை, ரூ பிலிப்-து-ஜிரார் எண்ட தெருவிலை எனக்கொரு சின்னக் கடை. போட்டோகொப்பி, பாஸ்போர்ட் படம், போன் கார்ட் எண்டு போர்டிலை கிடக்கும். ஆனா ஆக்கள் வாறது பிரெஞ்சிலை கடிதம் எழுதத்தான். நீங்களும் ஆருக்காவது ஒரு படிவம் நிரப்பிக் குடுத்து ஏச்சு வாங்கின ஆளெண்டால், வாங்கோ, இருங்கோ. என்ர வயித்தெரிச்சலைக் கேளுங்கோ.

முப்பத்தஞ்சு மாதம்

சுகந்தி வன்னியாலை 2009க்குப் பிறகு வந்தவள். ஒரு முதியோர் இல்லத்திலை தாதி உதவியாளர். குளிப்பாட்டிறது, சாப்பாடு தீத்திறது, புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் அவள்தான். நேர்ஸுக்குப் படிக்கோணுமெண்டு ஒரே பிடிவாதம். இந்த வேலை செய்யிற ஆக்களுக்குத் தாதிப் பள்ளிக்கூடத்திலை தனி வாசல் ஒண்டு இருக்கு: உதவியாளர் டிப்ளோம், மூண்டு வருச வேலைக்கு அத்தாட்சி, ஏன் படிக்க ஆசையெண்டு ஒரு கடிதம், பிறகு எழுத்துச் சோதினை, நேர்முகம்.

அவளுக்கு மூண்டு வருசத்துக்கு ஒரு மாதம் குறைவு. "ஒரு மாதத்தை ஆர் பாக்கப்போயினம், அனுப்புவம்" எண்டு சொன்ன மேதாவி நான்தான். போன வேகத்திலை தொசியே திரும்பி வந்தது. ஒரு வருசம் வீண். சுகந்தி கடிதத்தை மடிச்சு வைச்சிட்டுச் சொன்னாள்: "முப்பத்தஞ்சு மாதமாத் தூக்கின கிழவர்மார் பாரமில்லையாமோ அண்ணை? முப்பத்தாறாம் மாதத்திலைதான் பாரம் வருமோ?"

மாமாவைப் பாம்பு கடித்தது

அடுத்த வருசம் கடிதம் எழுதக் குந்தினம். ஏன் நேர்ஸ் ஆகோணுமெண்டு கேட்டன். சண்டையின்ர கடைசி மாதங்களிலை, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலை நடந்த ஆசுப்பத்திரியிலை காயத்துக்கு மருந்து கட்டினவளாம். படிச்சுக் கட்டேல்லை. ஆளில்லாததாலை கட்டினது. "அப்ப அதையே எழுதுவம் பிள்ளை" எண்டன். முகம் கறுத்துப் போச்சு. "அகதி விசாரணையிலை ஒருக்காச் சொன்னனான். நம்பேல்லை. இனி புள்ளி வாங்க அதைக் கொண்டுபோய் வைக்க மாட்டன்."

சரி, என்ர கொம்பியூட்டரிலைதான் தயாராக் கடிதம் ஒண்டு கிடக்குதே. ஐஞ்சு வயதிலை மாமாவைப் பாம்பு கடிச்சது, வெள்ளை உடுப்புப் போட்ட தாதி ஒருத்தி காப்பாத்தினா, அண்டைக்கே நான் முடிவெடுத்தன். படிச்சால் கல்லும் கரையும். "எனக்கு மாமாவே இல்லை அண்ணை" எண்டாள். "இப்ப இருக்கு" எண்டு பிரிண்ட் எடுத்துக் குடுத்தன்.

எனக்கென்ன தெரியும், அந்த வருசம் என்ர கடிதத்தோடை மூண்டு பேர் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போவினமெண்டு! சோதினையும் நேர்முகமும் சேர்த்து நாற்பதுக்கு இருபது எடுக்கோணும். சுகந்திக்குப் பதினேழு. நேர்முகத்திலை நடுவிலை இருந்த மனுசி கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டாவாம்: "மடாம், உங்கட நாட்டிலை பாம்பு கனக்கவோ, இல்லாட்டி எல்லாருக்கும் ஒரே மாமாவோ?"

கணக்கு வாத்தியார்

அந்தப் பாவத்தைக் கழுவ, எழுத்துச் சோதினைக்குக் கணக்கு நான் சொல்லித் தாறன் எண்டன். பத்து மில்லிலிட்டர்ப் போத்தலிலை ஐம்பது மில்லிகிராம் மருந்து. நோயாளிக்கு இருபது மில்லிகிராம் வேணும். எத்தினை மில்லிலிட்டர் ஏத்திறது? நான் பெருக்கி, பிரிச்சு, வேர்த்து, இருபத்தஞ்சு எண்டு கண்டுபிடிச்சன். பத்து மில்லிப் போத்தலுக்குள்ளை இருந்து! அவள் பேனையைத் தூக்காமலே நாலு எண்டாள். பிறகு என்னைப் பாத்துச் சிரிச்சாள். "நல்லகாலம் அண்ணை, உங்களைக் கடிதத்தோடை விட்டிருக்கினம்."

அவளே எழுதின கடிதம்

மூண்டாம் முறை அவளே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொன்னாள். வரிக்கு நாலு பிழை. ஆனா விசயம் இதுதான்: பண்டேஜ் முடிஞ்சு போச்சு. சேலையைக் கிழிச்சு, அவிச்சுக் கட்டினம். எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. நான் கட்டின ஆக்களிலை கனபேர் செத்துப் போச்சினம். நான் செய்ததிலை எது சரி, எது பிழையெண்டு எனக்குத் தெரியோணும். அதுக்குத்தான் படிக்கக் கேக்கிறன்.

இத்தினை வருசமா இதைச் சுமந்துகொண்டு திரிஞ்ச பிள்ளைக்கு நான் பாம்பை வித்திருக்கிறன். அப்பவும் பழக்க தோசம், "சின்ன வயதிலையிருந்தே" எண்டு ஒரு வரி சேர்க்கக் கை போச்சு. அவள் என்ர கையைப் பிடிச்சு விசைப்பலகையிலையிருந்து எடுத்து மேசையிலை வைச்சாள். நேர்முகம் முடிஞ்சு கடைக்கு நேர வந்தவளிட்டை, என்ன கேட்டவையெண்டு பதறினன். "பெரிசா ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. மாமாவை விசாரிக்கேல்லை."

நாற்பத்தெட்டு

இடம் கிடைச்சுது. இனி நிம்மதியெண்டு நினைச்சன். ஆர் விட்டது! முதல் வருசத்துக்கு அறுபது கிரெடிட், அதிலை குறைஞ்சது நாற்பத்தெட்டு எடுத்தால்தான் ரெண்டாம் வருசத்துக்குக் கால் வைக்கலாம். ஆசுப்பத்திரிப் பயிற்சி வேற. அவள் மெற்றோவிலை நிண்டுகொண்டு படிச்சாள். நான் கடையிலை இருந்துகொண்டு பயந்தன்.

ஆடி மாதம் புள்ளித்தாளைக் கொப்பி எடுக்க வந்தாள். ஐம்பது. நான் லா சப்பல் முழுக்கக் கேக்கக் கத்தினன். பிறகுதான் கேட்கத் துணிவு வந்தது: "எது சரி, எது பிழையெண்டு தெரிஞ்சுதோ பிள்ளை?" கொப்பி மெசினிலையிருந்து தாளை எடுத்து மடிச்சாள். கண் கலங்கியிருந்தது, ஆனா குரல் நேர வந்தது. "துணியை அவிச்சது சரி அண்ணை. ஒண்டு ரெண்டு பிழையும் விட்டிருக்கிறன். ஆனா அவை செத்தது என்ர கையாலை இல்லை."

அண்டையிலையிருந்து கடிதத்துக்கு வாறவையை நான் முதலிலை உண்மையைச் சொல்லுங்கோ எண்டு கரைச்சல் குடுக்கிறதாலை, பாதிப்பேர் பக்கத்திலை மார்க்ஸ் டோர்மோயிலை கடிதம் எழுதிக் குடுக்கிற மற்றக் கடைக்குப் போகினம், அங்கை இப்ப மாமாவை முதலை கடிக்குதாம்.